கிளான் கூடாரத்து அக்காவிடம் கேளுங்கள்

என் வீட்டுக்காரர் ஸ்காட்லாந்து வம்சாவளி. அமெரிக்காவில் அவர்கள் கிளானுக்கு ஒரு சங்கம் உண்டு (கிளான் என்றால் நம் பங்காளி வகையறா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்). அதில் வட கரோலினா, தென் கரோலினா, வர்ஜீனியா, டென்னசி, ஜார்ஜியா ஐந்துக்கும் நான்தான் பிரதிநிதி. தெரியாத்தனமாகக் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டேன், குவிந்துவிட்டது.

பிரதிநிதிக்கு என்ன வேலை அக்கா? சம்பளம் உண்டா?

சம்பளமா! பெட்ரோலே கைக்காசு. ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாடு) விளையாட்டு விழா நடக்கிற இடத்தில் கூடாரம் போட்டு உட்காருவதுதான் முக்கிய வேலை. ஜூலையில் வட கரோலினாவின் கிராண்ட்ஃபாதர் மலை, 1956-லிருந்து நடக்கிறது, வியாழன் மாலை தீப்பந்தத்தோடு ஒவ்வொரு கிளானும் வந்திருப்பதாக அறிவிப்போம். அக்டோபரில் ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுண்டன். மடக்கு மேசை, உறுப்பினர் படிவம், ஸ்காட்லாந்து வரைபடம், ஒரு டப்பா குண்டூசி. வருகிறவர் பாட்டன் ஊரைத் தேடி ஊசி குத்துவார், பாதிப் பேருக்கு ஊர் தெரியாது, கடலில் குத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள். மழை வந்தால் முதலில் நனைவது படிவம்தான். ஐந்து மாநிலமும் ஒரே மாதிரி இல்லை. வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றுப் பக்கம் 1730-களிலேயே ஹைலேண்டர்கள் நேராக வந்து குடியேறினார்கள். டென்னசிக்காரர்களில் பலருக்கு அல்ஸ்டர் வழி, அதாவது முதலில் அயர்லாந்தின் வடக்கே போய்ச் சில தலைமுறை இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். அவர்களிடம் ஸ்காட்லாந்து ஊர் எது என்று கேட்டால் முழிக்கத்தான் செய்வார்கள்.

குடும்பச் சின்னம் போட்ட கேடயம் ஆன்லைனில் விற்கிறார்கள். நல்லதாகப் பார்த்துச் சொல்லுங்கள் மேடம்.

வாங்காதீர்கள். ஸ்காட்லாந்தில் கேடயச் சின்னம் ஒரு தனி ஆளுக்குச் சொந்தம், அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் அல்ல. எடின்பரோவில் லார்ட் லயன் என்ற அதிகாரி அதற்கென்றே இருக்கிறார். நம்மைப் போன்றவர்கள் அணியலாம் என்பது, கிளான் தலைவரின் கேடயத்துக்கு மேலே வரும் சின்னத்தைச் சுற்றி வாரும் கொக்கியும் போட்ட பேட்ஜ் மட்டும்.

பெயருக்கு முன்னால் மேக் (Mac) என்றால் ஸ்காட்லாந்து, மெக் (Mc) என்றால் அயர்லாந்து, சரிதானே?

தப்பு. இரண்டும் ஒன்றுதான், எழுதினவர் கைவாகு.

கேம்பெல் கூடாரத்துப் பக்கத்தில் மெக்டொனால்டு கூடாரம் போடலாமா? ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் விருந்தாளியாக வந்து மெக்டொனால்டுகளைக் கொன்றவர்கள் கேம்பெல்கள் ஆயிற்றே?

வருடா வருடம் பக்கத்துப் பக்கத்தில் போட்டு பிஸ்கட் பரிமாறிக்கொள்வதைப் பார்க்கிறேன். 1692 பிப்ரவரி 13. கிளான் தலைவர்கள் அரசன் வில்லியமுக்கு ஜனவரி 1-க்குள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும், கிளென்கோ தலைவர் போன இடத்தில் வாங்க மறுத்து வேறு ஊருக்கு அனுப்பியதால் 6-ஆம் தேதிதான் முடிந்தது. அதைச் சாக்காக வைத்து, எழுபது வயதுக்குட்பட்ட அத்தனை பேரையும் வெட்டச் சொல்லி உத்தரவு. பன்னிரண்டு நாள் போல அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்ற சிப்பாய்கள் விடிவதற்கு முன் எழுந்து சுட்டார்கள். சுமார் 38 பேர் செத்தார்கள், தப்பி ஓடியவர்களில் சிலர் பனியில் விறைத்தார்கள். தலைமை தாங்கியவர் கேம்பெல், உண்மை. ஆனால் திட்டம் போட்ட அமைச்சர் டால்ரிம்பிள், கேம்பெல் இல்லை. பழியை ஒரு குலத்தின் தலையில் கட்டினால் அரசாங்கத்துக்குத்தான் வசதி.

கேம்பெலுக்கு நல்லாவே வக்காலத்து வாங்குகிறீர்கள். நீங்கள் அந்தக் குலமா?

அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இன்னொன்று கேளுங்கள் தம்பி: தாமதமாக வந்த அந்தப் பிரமாணத்தை மனமிரங்கி வாங்கிக்கொண்டாரே ஆர்ட்கிங்லாஸ் பிரபு, அவரும் கேம்பெல்தான். கொலைக்குத் தலைமை தாங்கினவரின் உறவுப் பெண் கிளென்கோ தலைவர் வீட்டு மருமகள். சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் செய்ததால்தான் இன்றைக்கும் ஆறவில்லை, இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் மாடு திருடி வெட்டிக்கொண்டதற்கெல்லாம் கணக்கே கிடையாது.

மோதிரத்தில் சின்னம் பொறிக்கலாமா? தாத்தா பெயர்தான்.

மேலே கேடயத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

டிஎன்ஏ சோதனையில் ஸ்காட்லாந்து 31 சதவீதம் வந்தது, எந்தக் கிளான்?

சதவீதத்தை வைத்துக் கிளானைச் சொல்ல முடியாது. தந்தைவழி ஒய் குரோமோசோம் சோதனைதான் கொஞ்சம் உதவும், பெண்ணாக இருந்தால் அப்பாவையோ அண்ணன் தம்பியையோ எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் பொருந்தாமல் போகலாம். பெயர் ஒன்றானால் இரத்தம் ஒன்று என்று இல்லை, தலைவர் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவர் பெயரை வைத்துக்கொண்டார்கள். முதலில் அமெரிக்கத் தலைமுறைகளை ஒவ்வொன்றாகப் பத்திரத்தோடு பின்னால் கொண்டுபோங்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855-இல்தான் தொடங்கியது, அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுதான்.

சென்னையில் இருக்கிறேன். கொள்ளுத்தாத்தா ரயில்வேயில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்.

என் எல்லை இல்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்கள் உண்டு, மதராஸ் ஞானஸ்நான, திருமணப் பதிவுகள் N/2 வரிசையில் இருக்கும். அங்கே தொடங்குங்கள்.

கிளானில் பிறக்காதவர் டார்ட்டன் (ஸ்காட்லாந்துக் கட்டம் போட்ட துணி) அணியலாமா?

தாராளமாக. தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. "எங்கள் கட்டம் ஆயிரம் வருடப் பழசு" என்கிறவரை மட்டும் நம்பாதீர்கள், 1822-இல் ராஜா எடின்பரோவுக்கு வந்தபோதுதான் குலத்துக்கொரு கட்டம் என்ற மோகமே பெரிதாகக் கிளம்பியது.

காபி கோப்பையில் சின்னம்...

இல்லை.

கிளென்கோ விஷயத்தில் உங்கள் பதில் எனக்குத் திருப்தி இல்லை.

ஜூலையில் மலைக்கு வாருங்கள், இரண்டு கூடாரத்துக்கும் நானே கூட்டிப்போகிறேன். மழைக்கோட்டு எடுத்துவாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.