தலையணை தூக்கும் பிள்ளை

வணக்கம் அம்மா,

நான் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். வயது 44, மகளுக்கு 15. அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்து பத்து வருடம். எட்டு வருடமாக என் தோழியும் நானும் ஒரே வீட்டில். தோழி என்றுதான் எழுதுகிறேன், உங்களுக்கு விளங்கும்.

பிரச்சினை ஒரு புத்தகம். பள்ளி நூலகர் மகளுக்குக் கொடுத்தது. ஜாக்குலின் வுட்சனின் ‘ஃப்ரம் த நோட்புக்ஸ் ஆஃப் மெலனின் சன்’. புரூக்ளினில் ஒரு கறுப்பினப் பையன், 14 வயதுகூட ஆகவில்லை. அவனைத் தனியாக வளர்க்கும் தாய் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை விரும்புகிறாள். தெரிந்ததும் பையன் தாயோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மகள் இல்லாத நேரம் எடுத்துப் பாதி வாசித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. 1995இல் வந்த புத்தகம்! கனடாவில் ஒருபால் திருமணச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. இப்போது போய் ஏன் தாயை வெறுக்கிற கதையைக் கொடுக்க வேண்டும்?

இரண்டு கிழமையாக மகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கேட்டால் ‘சும்மா’ என்கிறாள். இந்தப் புத்தகத்துக்கு முன்பு இப்படி இல்லை. நல்ல பிள்ளை. பெரியக்கா வருவதாக போன் வந்தால் நான் வாய் திறக்கவே தேவையில்லை, தோழியின் தலையணையையும் பிரஷ்ஷையும் தானே பேஸ்மென்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவாள். ‘கீழே வாடகைக்கு இருக்கிற அன்ரி’ என்று ஏழு வயதிலேயே சொல்லப் பழகினவள். அவ்வளவு விளக்கமான பிள்ளையை ஒரு புத்தகம் கெடுத்துவிட்டது. நூலகரோடு போய்க் கதைக்கட்டுமா?

– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

நூலகரை விட்டுவிடுங்கள். எனக்கு அந்தத் தலையணையைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மகளின் கெட்டித்தனத்துக்குச் சாட்சியாக அதை எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ, போன் மணி கேட்டதும் படியிறங்கி ஓடும் ஒரு பிள்ளை தெரிகிறாள். எட்டு வருடமாக அவள் செய்துவருவது வீட்டு வேலை இல்லையம்மா, காவல் வேலை. அன்றைக்கு உங்களுக்குப் பயம் இருந்தது. நம் சனத்தின் வாயை அறிந்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பயத்தைத் தூக்க ஏழு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டது பிழை.

அந்தக் காலத்து இளையோர் நாவல்களில் பிள்ளைகள் கோபப்படுவது உண்மைதான். ஏ.எம். ஹோம்ஸ் 1989இல் எழுதிய ‘ஜாக்’கிலும் அப்படித்தான், அதில் தகப்பன் தான் ஆண்களை விரும்புவதாக மகனிடம் சொல்கிறார். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தப் பையன்களால் கோபப்பட முடிகிறது. பெற்றவர்கள் தங்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். சண்டை பிடிக்க எதிரில் ஆள் இருக்கிறது. உங்கள் மகள் யாரோடு சண்டை பிடிப்பாள்? அவள்தான் உங்கள் கூட்டாளி ஆயிற்றே.

நான்சி கார்டன் 2000இல் எழுதிய ‘ஹாலிஸ் சீக்ரெட்’டில் ஒரு சிறுமி புது ஊருக்கு வந்ததும் பெயரையே மாற்றிக்கொண்டு, தனக்கு இரண்டு அம்மாக்கள் என்பதை மறைக்கிறாள். அங்கே பொய் பிள்ளையுடையது. உங்கள் வீட்டில் பொய் உங்களுடையது, பாரம் மட்டும் பிள்ளைக்கு. அவள் கதவைச் சாத்துவதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள நீங்கள் எழுதியதில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. பெரியக்கா வந்தால் ஓட வேண்டாத ஒரு பிள்ளையை அவள் முதன்முதலாகப் புத்தகத்தில் சந்தித்திருக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். போன் வந்ததும் தன் தலையணை கீழே போவதை எட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?

பெரியக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்பது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு, அவசரமில்லை. மகளிடம் மட்டும் இந்தக் கிழமையே சொல்லிவிடுங்கள்: “இனி அதை நீ தூக்க வேண்டாம், அம்மா பார்த்துக்கொள்கிறேன்.” அவள் கோபப்பட்டுக் கத்தினால் கத்தட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

அப்புறம், அந்தப் புத்தகத்தின் மீதிப் பாதியையும் வாசியுங்கள். அந்தப் பையன் தாயோடு திரும்பக் கதைக்கத் தொடங்குவது அங்கேதான். மகளின் பிரதியை எடுக்காதீர்கள்; நூலகத்துக்குப் போய் உங்கள் பெயரிலேயே ஒன்று கேளுங்கள்.