மூஸுக்கும் மானுக்கும் ஒரே ரைபிள்: இரண்டாவதாக எதை வாங்குவது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபுரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளாக நவம்பரில் நண்பர்களோடு ஹலிபர்ட்டன் பக்கம் வெள்வால் மான் வேட்டைக்குப் போய் வருகிறார். கையில் இருப்பது .243 வின்செஸ்டர் தோட்டாவைச் சுடும் ஒரு போல்ட் ரைபிள், அதாவது ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் கைப்பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. இவ்வாண்டு அவருடைய குழுவுக்கு வடக்கே ஹேர்ஸ்ட் அருகில் மானினத்தில் மிகப் பெரிய விலங்கான மூஸ் வேட்டைக்கான சீட்டு கிடைத்திருக்கிறது. கடைக்காரர் .300 வின்செஸ்டர் மக்னத்தைக் காட்டுகிறார், மருமகனோ 6.5 கிரீட்மோர் தாராளமாகப் போதும் என்கிறார். மூஸ், மான், கருங்கரடி மூன்றுக்கும் உதவக்கூடிய இரண்டாவது ரைபிள் எது, அது வந்தபின் பழைய .243-ஐ விற்றுவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். .308 வின்செஸ்டரில், இருபது முதல் இருபத்திரண்டு அங்குலக் குழல் கொண்ட, துருப்பிடிக்காத எஃகாலான ஒரு போல்ட் ரைபிளை வாங்குங்கள். .243-ஐ விற்க வேண்டாம்.

இரண்டாவது ரைபிள் வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் ரைபிளின் குறை என்ன என்பதை ஆராயாமல், அதைவிடப் பெரியது எது என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் .243-இன் குறை தெளிவானது. அதன் வழக்கமான வேட்டைக் குண்டு (தோட்டாவின் நுனியிலிருந்து பறந்து செல்லும் பகுதி) 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம் எடை கொண்டது. ஒன்ராறியோவின் விதிகள் மூஸ் வேட்டைக்கு ரிம்ஃபயர் ரைபிளைத்தான் (அடி விளிம்பில் தட்டி வெடிக்கும் சிறு தோட்டாவைச் சுடுவதை) விலக்குகின்றன என்பதால் சட்டப்படி .243-ஐக் கொண்டு போகத் தடையில்லை. பக்கவாட்டில் அசையாது நிற்கும் மூஸின் விலா எலும்புகளுக்கிடையே அக்குண்டு நுழைந்தால் விலங்கு விழவும் செய்யும். ஆனால் நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள ஆண் மூஸ் நமக்கு வசதியான கோணத்தில் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சற்றே முன்பக்கம் திரும்பி நின்றால் தோள் எலும்பைக் கடந்துதான் நுரையீரலை எட்ட வேண்டியிருக்கும். அங்கே நமக்கு வேண்டியது எடையும் ஊடுருவலும்; .308-இல் கிடைக்கும் 180 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ பன்னிரண்டு கிராம் எடை கொண்டது.

அப்படியானால் .300 மக்னம் இன்னும் நல்லதல்லவா என்று கடைக்காரர் கேட்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை. அதே குண்டை அது கூடுதல் வேகத்தில் அனுப்புகிறது. அந்தக் கூடுதல் வேகம் உங்களுக்கு எங்கே பயன்படும் என்பதுதான் கேள்வி. .308-ஐ 200 கஜத்தில் குறி பொருந்தும்படி அமைத்தால் 300 கஜத்தில் குண்டு எட்டு, ஒன்பது அங்குலம் கீழே விழும்; .300 மக்னம் ஏழு அங்குலம் விழும். முந்நூறு கஜத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு அங்குலம் அளவே. ஹேர்ஸ்ட் சுற்றுவட்டாரத்தின் ஸ்புரூஸ் காட்டிலும், பழைய மரவெட்டுப் பாதைகளிலும், சதுப்பு ஓரங்களிலும் மூஸ் பெரும்பாலும் ஐம்பது முதல் நூற்றைம்பது கஜத்துக்குள்தான் கண்ணில் படும். மூஸின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஒன்றரை அடிக்கும் குறையாத அகலம் கொண்டது. மேற்கின் மலைச்சரிவுகளில் நெடுந்தொலைவு சுடுபவருக்கு .300 மக்னத்தின் அருமை தெரியும். ஒன்ராறியோப் புதர்க்காட்டில் அதற்கு வேலை குறைவு.

அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையோ பெரிது. ஒரே எடையுள்ள ரைபிள்களில் .243-இன் உதைப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால் .308-இன் உதைப்பு ஏறத்தாழ இரண்டு, .300 மக்னத்தினுடையது ஏறத்தாழ மூன்று. .243-இல் பழகிய தோள் இரண்டைத் தாங்கப் பழகிக்கொள்ளும்; மூன்றுக்குத் தாவினால் பெரும்பாலோருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுடுகளத்தில் கண்ணால் பார்க்கலாம். பயிற்சியாளர் சுடுபவருக்குத் தெரியாமல் மெகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் செருகிவிடுவார். விசையை இழுத்ததும் வெடிக்கு பதிலாக ‘கிளிக்’ என்ற ஓசை மட்டும் வரும். ஆனால் குழலின் முனை சடக்கென்று கீழே குனியும், கண்கள் இறுக மூடும், வலது தோள் முன்னால் தள்ளும். வெடியின் இரைச்சலில் மறைந்திருந்த பிழை அப்போது எல்லோர் முன்னும் வெளிப்படும். இந்தப் பிழையோடு சுடப்படும் மக்னம் குண்டு மூஸின் வயிற்றில் பாயும், குறியில் பாயும் .308 குண்டு செய்யும் வேலையை அது ஒருபோதும் செய்யாது. அதோடு மக்னம் தோட்டாக்களின் விலை கூடுதல் என்பதால் பயிற்சியும் தானாகவே குறைந்துபோகும்.

பெரிய தோட்டா எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கு மூஸ் வேட்டையிலேயே ஒரு பழைய சான்று உண்டு. 1946-இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 எச் அண்ட் எச் மக்னத்தால் ஒரு மூஸைச் சுட்டார். சேறு காய்ந்து ஒட்டியிருந்த தோலில் பட்டதுமே குண்டுகள் சிதறிப்போனதால் போதிய ஆழம் போகவில்லை. அவர் அதைவிடப் பெரிய துப்பாக்கியைத் தேடிப் போகாமல், நடுவே உலோகத் தடுப்புச் சுவர் கொண்ட ஒரு குண்டை வடிவமைத்தார். முன்பாதி விரிந்து சிதைந்தாலும் பின்பாதி சிதையாமல் உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்த ‘பார்ட்டிஷன்’ குண்டு இன்றும் விற்கப்படுகிறது.

ஆகவே தோட்டாவின் பெயரைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது குண்டைத் தேர்ந்தெடுக்கச் செலவிடுங்கள். மூஸுக்கு 165 அல்லது 180 கிரெய்னில், ஈய உள்ளகம் மேலுறையோடு பிணைக்கப்பட்ட குண்டையோ, பார்ட்டிஷன் வகையையோ, முழுச் செம்புக் குண்டையோ வாங்குங்கள். முழுச் செம்புக் குண்டில் ஈயமே இல்லை என்பதால் இறைச்சியில் ஈயத்துகள் கலக்குமோ என்ற கவலையும் இல்லை. குழந்தைகள் உண்ணும் வீட்டில் இதற்காகவே நான் அதைச் சிபாரிசு செய்வேன். மெல்லிய உறை கொண்ட மலிவான 150 கிரெய்ன் தோட்டாக்கள் மானுக்கும் பயிற்சிக்கும் சரி, மூஸுக்கு வேண்டாம். எடை மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். வேட்டைக்கு எந்தப் பெட்டியைக் கொண்டு போகிறீர்களோ அதே வகைத் தோட்டாவால்தான் ஸ்கோப்பை (ரைபிள் மீதுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை) இறுதியாகச் சரிபார்க்க வேண்டும்.

மருமகனின் 6.5 கிரீட்மோரை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். சுவீடனிலும் நோர்வேயிலும் நூறாண்டுகளுக்கும் மேலாக 6.5x55 தோட்டாவால் மூஸ் இனத்தையே வேட்டையாடி வருகிறார்கள். 2007-இல் வந்த கிரீட்மோர் அதற்குப் பெரிதும் குறைந்ததல்ல. உதைப்பு குறைவு, குறி துல்லியம். நல்ல குண்டுடன் இருநூறு கஜத்துக்குள் பொறுமையாகச் சுடுபவர் கையில் அது மூஸுக்குப் போதும். இருந்தும் உங்களுக்கு அதைச் சொல்லாததற்குக் காரணம், அது உங்கள் .243-க்கு மிக அருகில் இருக்கிறது. மேலும் சுடப்பட்ட மூஸ் அந்த இடத்திலேயே விழுவது அரிது. மரண காயத்தோடு சற்று நேரம் சும்மா நிற்கும், அல்லது நடந்து சதுப்புக்குள் இறங்கிவிடும். இடுப்பளவுத் தண்ணீரில் கிடக்கும் மூஸைக் கரைசேர்ப்பது எப்படி என்று குழுவின் மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிற்கும் வரை இரண்டாவது வெடியையும் வைக்கத் தயங்கக் கூடாது; மறுபக்கம் துளைத்து வெளியேறும் அகலமான, கனமான குண்டு இரத்தத் தடயத்தையும் கூடுதலாகத் தரும். .30-06 இதே குண்டுகளைச் சற்றுக் கூடுதல் வேகத்தில் அனுப்பும் நல்ல தோட்டா. உறவினர் ஒருவர் நல்ல நிலையில் உள்ளதை விற்றால் யோசிக்காமல் வாங்கலாம். 7 மி.மீ.-08 எனக்குப் பிடித்தமானது, ஆனால் வடக்கே ஒரு சிறு நகரத்தில் தோட்டாப் பெட்டியைத் தவறவிட்டுவிட்டு வன்பொருள் கடைக்குள் நுழைந்தால் அது அலமாரியில் இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. .308-உம் .30-06-உம் பெரும்பாலும் இருக்கும்.

.308-க்கு உங்கள் விஷயத்தில் இன்னொரு பொருத்தமும் உண்டு. 1952-இல் வந்த .308-இன் கழுத்தைக் குறுக்கித்தான் 1955-இல் .243 உருவாக்கப்பட்டது. இரண்டின் அடிப்பாகமும் நீளமும் ஏறத்தாழ ஒன்றே. எனவே இப்போது வைத்திருக்கும் அதே நிறுவனத்தின் அதே மாதிரியை .308-இல் வாங்கினால் போல்ட்டின் ஓட்டம், பாதுகாப்புப் பொத்தானின் இடம், விசையின் இழுவை எல்லாம் கைக்குப் பழகியவையாகவே இருக்கும். பனியில் கையுறையோடு நிற்கும்போது, கண் விலங்கின் மீதிருக்க, கட்டைவிரல் தானாகவே பாதுகாப்புப் பொத்தானைத் தேடிச் செல்வது சிறிய விஷயமல்ல. இரண்டு ரைபிள்களில் ஒன்று பயணத்தில் விழுந்து ஸ்கோப் பிசகினாலும் மற்றதை எடுத்துத் தடுமாறாமல் தொடரலாம்.

மாதிரிகளில் டிக்கா டி3எக்ஸ், ரூகர் அமெரிக்கன், சாவேஜ் 110, பிரவுனிங் எக்ஸ்-போல்ட் ஆகிய எதுவும் இந்த வேலைக்குப் போதும். குட்டையான தோட்டா என்பதால் ரைபிளும் குட்டையாகும் என்று கடையில் சொல்வார்கள். டிக்காவில் எல்லாத் தோட்டாக்களுக்கும் இயக்கப்பகுதியின் நீளம் ஒன்றுதான் என்பதால் அங்கே அந்த வாதம் செல்லாது. ஸ்கோப் உட்பட மூன்றரைக் கிலோவை ஒட்டிய எடை நல்லது. மிக இலேசான மலை ரைபிள்கள் தோளில் சுமக்க இனிமையானவை, ஆனால் சுடும்போது அவ்வளவும் உதைப்பாகத் திரும்பி வரும். ஸ்கோப்பில் மேல்வரம்பைவிடக் கீழ்வரம்பைப் பாருங்கள்: 2 முதல் 7 மடங்கு, அல்லது 3 முதல் 9 மடங்கு போதும். முப்பது கஜத்தில் திடீரென எதிர்ப்படும் மூஸை ஆறு மடங்கு பெருக்கத்தில் பார்த்தால் பழுப்பு மயிரைத் தவிர வேறெதுவும் தெரியாது.

வடக்கின் அக்டோபரில் பனி விழலாம். போல்ட்டின் உள்ளே கெட்டியான எண்ணெயை அப்பி வைக்காதீர்கள். குளிரில் அது இறுகி, ஊசி தோட்டாவின் அடியை மெல்லத் தட்டும், வெடிக்காது. மாலையில் குளிர்ந்த ரைபிளைச் சூடான குடிலுக்குள் கொண்டு வந்தால் உலோகமெங்கும் ஈரம் பூக்கும், மறுநாள் காலை வெளியே கொண்டு போனதும் அந்த ஈரம் போல்ட்டுக்குள் உறைந்துவிடும். பூட்டிய பெட்டிக்குள், பூட்டிய குளிர்ந்த அறையில் வைப்பதே நல்லது.

சட்ட ஏற்பாடுகள் உங்களுக்குப் புதியவையல்ல. துப்பாக்கி வைத்திருக்கவும் வாங்கவும் கனடாவில் வேண்டிய பி.ஏ.எல். உரிமம் இருக்கும்போது இத்தகைய போல்ட் ரைபிள் இன்னொன்றை வாங்கத் தனியான பதிவு தேவையில்லை. ஆனால் 2022 மே முதல், தனிநபரிடம் வாங்கினாலும் விற்பவர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்துக் குறிப்பெண் பெற்ற பிறகே ரைபிளைக் கைமாற்ற வேண்டும். அந்தக் குறிப்பெண் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இனி .243-க்கு வருவோம். அதை விற்கக் கூடாது என்பதற்கு உணர்ச்சி காரணமல்ல. தென் ஒன்ராறியோவின் பல மாவட்டங்களில் வேட்டையின்போது .275 காலிபருக்கு (குழல் துளையின் அங்குல அளவு) மேற்பட்ட ரைபிளை வைத்திருக்க அனுமதியில்லை. அங்கே கொயோட்டி வேட்டைக்குப் போக உங்களுக்கு .243 வேண்டும், .308 உதவாது. எந்தெந்த மாவட்டம் என்பதை அந்த ஆண்டின் வேட்டை விதிச் சுருக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹலிபர்ட்டன் மானுக்கும் அது இன்றும் முழுமையாகப் போதுமானது. உதைப்பு குறைந்த அந்த ரைபிளில் தொடர்ந்து பயிற்சி செய்வதுதான் .308-ஐயும் நன்றாகச் சுட வைக்கும்.

இரண்டையும் வைத்திருப்பதில் ஓர் ஆபத்து உண்டு, அது உறவு நெருக்கத்தால் வருவது. .308 தோட்டா .243-இன் அறைக்குள் நுழையாது. .243 தோட்டாவோ .308-இன் அறைக்குள் நுழைந்துவிடும், போல்ட்டும் மூடிக்கொள்ளும். அகலமான குழலுக்குள் குறுகிய குண்டு வெடித்தால் பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். விடிவதற்கு முன் கைவிளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். ஒரு பயணத்துக்கு ஒரே வகைத் தோட்டாவை மட்டும் மேற்சட்டையில் வையுங்கள். இரண்டு ரைபிள்களும் உடன் வந்தால் தோட்டாக்களை வெவ்வேறு நிறப் பைகளில் பிரித்து, மெகசினில் இடுமுன் ஒவ்வொன்றின் அடியில் பொறித்திருக்கும் எண்ணையும் படித்துவிட்டு இடுங்கள்.