கண் உருட்டும் கடிகாரம் வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பழைய சாமான் கடையில் வார்ப்பிரும்புப் பொம்மைக் கடிகாரம் பார்த்தேன், கண்ணை உருட்டுகிறது. பழசுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, வலங்கைமான்)

பதில்: விட்டுவிடாதீர்கள், அருமையான சாமான் அது! 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிராட்லி அண்ட் ஹப்பர்ட் கம்பெனி விற்ற வகை. பின்மூடியைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், டிக் டிக்கென்று ஓடும்போதே கண்ணும் அசைகிற மாதிரி இயந்திரத்தோடு இணைத்திருப்பார்கள். பிளஸ் தலை ஸ்க்ரூ இருந்தால் உஷார், அது 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது, அப்படியென்றால் பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் மொத்தமும் நகல். பெயின்ட் உரிந்திருந்தாலும் சரி, புதிதாக அடிக்காதீர்கள், மதிப்பே போய்விடும். அப்புறம், தேங்காய் எண்ணெய் விடவே கூடாது, பிசுக்குப் பிடித்து ஓட்டம் நின்றுவிடும்.