எரிச்சல் நின்றும் சாப்பாடு நெஞ்சில் நிற்பது ஏன்?

பான்டோப்ரசோல் அமிலத்தை மட்டும்தான் குறைக்கும்; உணவுக்குழாய்த் தசையைச் சரிசெய்யாது. கோத்தகிரியில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இரண்டு மாத மாத்திரையில் எரிச்சல் அடங்கியும் சாப்பாடு சிக்குவது அதனால்தான் இருக்கும். நீங்களாக டோஸைக் கூட்ட வேண்டாம்.

நெடுநாள் அமிலம் பட்ட இடம் புண்ணாகி, ஆறும்போது தழும்பு விழுந்து குழாய் சுருங்கலாம். அல்லது உணவைக் கீழே தள்ளும் தசை அலை பலவீனமாகியிருக்கலாம். அப்படியானால் மேலேறிய அமிலம் சட்டென்று இறங்காது, புண்ணும் கூடும். புண் ஆறினாலும் அலை பழையபடி திரும்புவது பலருக்கு நடப்பதில்லை.

எது சிக்குகிறது என்று பாருங்கள். சப்பாத்தி, இறைச்சி மட்டும் நின்று கஞ்சி இறங்கினால் குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் நின்றால் தசைக் கோளாறாக இருக்கலாம்.

எதுவானாலும் முதலில் எண்டோஸ்கோப்பி, தாமதிக்காமல். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் மானோமெட்ரி. அதற்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டிவரும். மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, 5 மி.லி. தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்லி அழுத்தம் பார்ப்பார்கள். மயக்க மருந்து தேவையில்லை. எதுக்களிப்புக்கு அறுவை சிகிச்சை என்று யார் சொன்னாலும், இந்தச் சோதனை இல்லாமல் சம்மதிக்காதீர்கள். அலை செத்த குழாயின் அடிவாயை இறுக்கினால் சாப்பாடு அங்கேயே நின்றுவிடும்.

பிரஷருக்கு அம்லோடிபின், நிஃபெடிபின் எடுக்கிறாரா? இவை உணவுக்குழாயின் கீழ்வால்வைத் தளர்த்தும்; அமிலம் மேலேறும். நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். குளிருக்குச் சாப்பிட்டதும் கம்பளிக்குள் படுப்பதும் ஆகாது. 3 மணி நேரம் போகட்டும்.

எடை குறைந்தாலோ மலம் கறுத்தாலோ எச்சிலே இறங்காவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.