இரண்டாம் நாள் வந்த தெளிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன வாரம் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இரண்டு நாள் உண்ணாமல் இருந்து பார்த்தேன். முதல் நாள் தலைவலி, எரிச்சல், வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் உடம்பு லேசாகி, மனசு கழுவிவிட்ட மாதிரி ஆனது. மாதக்கணக்காகப் பாதியில் கிடந்த கட்டுரையை அன்று எழுதி முடித்துவிட்டேன். உடம்பிலிருந்த நச்செல்லாம் போனதால் வந்த தெளிவு என்கிறாள் தோழி. நிஜமா, என் பிரமையா? அடுத்த மாதம் ஏழு நாள் இருக்கலாம் என்று எண்ணம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அண்ணனும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார்.

ம.

அன்புள்ள ம.,

தெளிவு நிஜம்தான். தோழி சொல்லும் காரணம்தான் இடிக்கிறது. கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை லீவு போடுவதில்லை.

கல்லீரலில் சுமார் 100 கிராம் கிளைகோஜன், அதாவது குளுக்கோஸைக் கோத்து வைத்த கையிருப்பு, சேமிப்பாக இருக்கும். மூளை மட்டுமே நாளொன்றுக்கு 100 கிராமுக்குக் குறையாமல் குளுக்கோஸ் கேட்கிற ஆள். ஆகவே கையிருப்பு ஏறக்குறைய ஒரு நாளில் கரைந்துவிடும். அப்புறம் கொழுப்பை எடுத்துக் கல்லீரல் கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளாக மாற்றித் தருகிறது. இரண்டாம் நாள் வாயில் ஒரு விநோத வாடை வந்திருக்குமே? அது அசிட்டோன் என்ற கீட்டோன், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தில் இருப்பதேதான். எடை சட்டென்று இறங்கியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், பெரும்பகுதி தண்ணீர். தினமும் காப்பி குடிப்பவர் என்றால் முதல் நாள் தலைவலியில் பாதியைக் காப்பியின் கணக்கில் எழுதுங்கள்.

1960களில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜார்ஜ் கேஹிலின் குழு, வாரக்கணக்கில் உண்ணாதிருந்தவர்களை ஆராய்ந்தது. அவர்களின் மூளைக்குத் தேவையான எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கீட்டோனிலிருந்து கிடைத்ததைக் கண்டார்கள். ஆனால் இரண்டாம் நாளில் கீட்டோன் அந்த அளவுக்கு ஏறியிருக்காது. உங்கள் தெளிவில் பெரிய பங்கு, உடம்பை விழிப்பாக வைக்கும் நோரட்ரினலின் என்ற ஹார்மோனுடையது என்பது என் கணிப்பு. உணவு நின்ற முதல் சில நாட்களில் அது ரத்தத்தில் கூடுகிறது. யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. இரை கிடைக்காத விலங்கு சுருண்டு படுத்துவிட்டால் கதை முடிந்தது. எழுந்து போய்த் தேடு என்று உடம்பு கொடுத்த விழிப்பை வைத்து நீங்கள் கட்டுரை எழுதிக்கொண்டீர்கள். சமைக்க, சாப்பிட, கழுவ என்று போகும் நேரம் முழுக்க மிச்சமானதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒருமுறை 36 மணி நேரம் இருந்தேன். மதியம் ஒரு மணிக்குப் பசி வந்தது பாருங்கள், பக்கத்து வீட்டில் யாரோ கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டும் சத்தத்துக்கே வாயில் எச்சில் ஊறியது. இரண்டரை மணிக்குப் பசியைக் காணோம்! வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டி கிரெலின் என்ற ஹார்மோன் ஏறும், சாப்பிடாவிட்டாலும் தானே இறங்கிவிடும். மறுநாள் காலை உங்களைப் போலவே எனக்கும் ஒரு கூர்மை. அந்த வேகத்தில் ஒருவருக்கு நீண்ட பதில் கடிதம் எழுதினேன். சாப்பிட்ட பிறகு எடுத்துப் பார்த்தால், ஒரு வாக்கியத்தில்கூடப் பிசிறில்லை, எழுதியவனிடம் ஈவிரக்கமும் இல்லை. நல்லவேளை, அனுப்பியிருக்கவில்லை.

செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் தன்னுண்ணல் பற்றியும் தோழி அடுத்து சொல்லக்கூடும். அது உண்மையான நிகழ்வு, அதை விளக்கியதற்காக ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பட்டினி போட்டது ஈஸ்ட் செல்களை. உண்ணாதிருக்கும் மனிதருக்குள் இத்தனையாவது மணி நேரத்தில் அது தொடங்கும் என்று கறாராகச் சொல்பவரைப் பார்த்தால், எதை வைத்து அளந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

ஏழு நாள் விஷயத்துக்கு வருகிறேன். மனசைக் கட்டுப்படுத்தினால் போதும் என்று நினைக்கிறீர்களோ என்று சந்தேகம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர் 36 இளைஞர்களை 24 வாரம் அரை வயிற்றில் வைத்துப் பார்த்தார். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள், கொள்கைப் பிடிப்பால் போருக்குப் போக மறுத்தவர்கள். மன உறுதிக்குக் குறைவில்லை. அவர்களில் சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆயின. சிரிப்பு குறைந்தது, சிடுசிடுப்பு கூடியது. அது முழு உபவாசம் அல்ல, நீண்ட பற்றாக்குறை. ஆனாலும் மூளைக்கு வேளாவேளைக்குத் தீனி போடுவது உடம்புதான் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உடம்பின் பக்கமும் கணக்கு மாறும். உப்பு சிறுநீரில் போகிறது, சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். தசையிலும் கொஞ்சம் கரையும். எனக்குப் பயம் தருவது முடிக்கும் நேரம்தான். நீண்ட பட்டினிக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் திடீரென்று சரிந்து, இதயம்வரை பாதிக்கலாம். ஸ்காட்லாந்தில் ஆங்கஸ் பார்பியெரி 382 நாள் இருந்தாரே என்பார்கள். 1965-66இல் நடந்தது அது. 200 கிலோவுக்கு மேல் இருந்த அவருக்கு மருத்துவர்களின் கண்காணிப்பு இருந்தது, வைட்டமின்கள் கொடுத்தார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். உங்களுக்கு அதில் எது இருக்கிறது? ஏழு நாள் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

அண்ணன் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளையைக்கூட விட வேண்டாம். சில மாத்திரைகள் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு இல்லாதபோது சர்க்கரை கிடுகிடுவென இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, நினைவே தப்பலாம். வேறு சில மாத்திரைகளில் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. இன்றே அவரிடம் பேசிவிடுங்கள்.

அந்தக் கட்டுரையை யாருக்கும் அனுப்பிவிடவில்லையே? வயிறு நிறைந்திருக்கும்போது ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டு அனுப்புங்கள்.