தத்துவத்திலிருந்து தொடங்க வேண்டாம்

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரிலிருந்து எழுதியிருக்கும் தம்பிக்கு,

தத்துவ வரலாற்று நூலை மூன்று முறை எடுத்தும் முப்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை, தத்துவமும் அறிவியலும் படிக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். அதை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதலில், பக்கத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவல். வெளியூர்க்காரர்களைத் தடுமாற வைக்கும் அதன் பேச்சு வழக்கு உங்களுக்கு வீட்டுப் பேச்சு. பக்கங்கள் தாமாக நகரும்.

அடுத்து, தேரூர்க் கவிமணியின் 'ஆசிய ஜோதி'. எட்வின் ஆர்னால்டு 1879இல் ஆங்கிலத்தில் பாடிய புத்தர் வரலாற்றைத் தழுவியது. துயரம் ஏன் என்ற கேள்வி அங்கே பாட்டாகவே வருகிறது. தத்துவத்துக்கு இதைவிட நல்ல வாசலை நான் கண்டதில்லை.

அறிவியலுக்கு டார்வினின் 'பீகிள்' கப்பல் பயணக் குறிப்புகள். 22 வயதில் கப்பலேறியவர் பாறையையும் பறவையையும் கூர்ந்து பார்க்கப் பழகிய கதை அது. மீரானை முடித்ததும் எழுதுங்கள்.