மண்டைக்குள்ள யாருக்குப் பக்கத்துல யாரு: எலும்பு, சைனஸ் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி சைனஸ், அதாவது மூக்கச் சுத்தி எலும்புக்குள்ள இருக்கற காத்து அறைகள் பத்தினது தான், மிச்சம் மண்டையோட்டு எலும்பு. ஒரே மாதிரி இருந்ததெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன்.

மண்டையோட்டுல மொத்தம் எத்தனை எலும்பு சார்? ஒரு புக்ல 22, இன்னொண்ணுல 28, ஒரு நோட்ஸ்ல 29னு போட்டிருக்கு. எக்ஸாம்ல எத எழுத?

மூணுமே சரி தான், எத எத சேத்து எண்றாங்கங்கறதுல தான் வித்தியாசம். மூளைய மூடி நிக்கறது 8, முகத்துக்கு 14, ஆக 22. ரெண்டு காதுக்குள்ளயும் மூணு மூணா இருக்கற குட்டி எலும்ப சேத்தா 28. நாக்குக்கு அடியில வேற எந்த எலும்போடயும் மூட்டு போடாம தசையிலயே தொங்கிக்கிட்டு இருக்கற ஹயாய்டையும் சேத்தா 29. கேள்வில ஒண்ணும் தனியா சொல்லலன்னா 22 எழுதிட்டு வாங்க. ஆனா எண்ணிக்கைய மனப்பாடம் பண்றத விட எது எதுக்குப் பக்கத்துல இருக்கு, நடுவுல இருக்கற சுவர் எவ்ளோ மெல்லிசுங்கறத படிங்க, வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல நோண்டறதும் அதத் தான், நாளைக்கு பேஷன்ட் முன்னாடி உக்காரும்போது உதவறதும் அது தான்.

குனிஞ்சா கன்னம் கல்லு மாதிரி கனக்குது. மாத்திரை சாப்பிட்டா சரியாகுது, கொஞ்ச நாள்ல திரும்ப சளி கட்டிக்குது. ஏன் இப்படி?

இதே கேள்விய நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மூக்கச் சுத்தி நாலு ஜோடி சைனஸ் இருக்கு: கன்னத்துல மேக்ஸில்லரி, நெத்தியில ஃப்ரான்டல், ரெண்டு கண்ணுக்கும் நடுவுல சின்னச் சின்ன அறையா எத்மாய்டு, எல்லாத்துக்கும் பின்னாடி மண்டைக்கு நடுவுல ஸ்பீனாய்டு. இதுல பெருசு கன்னத்துல இருக்கறது, பெரியவங்களுக்கு சுமார் 15 மில்லி பிடிக்கும். இதுல தான் ஒரு வில்லங்கம் இருக்கு. இதோட வாசல் மூக்குப் பக்க சுவர்ல ரொம்ப மேல, கிட்டத்தட்ட கண்ணுக்குக் கீழ இருக்கு, அடியில குழாய் வைக்க மறந்துட்டு மேல மட்டும் ஓவர்ஃப்ளோ பைப் வெச்ச தண்ணித் தொட்டி மாதிரி. நிமிர்ந்து உக்காந்திருக்கறப்ப உள்ள ஊறற சளி தானா கீழ வடியவே வடியாது.

அப்புறம் எப்படி நமக்கு தினமும் அடைக்காம இருக்குன்னா, உள்பக்கத் தோல்ல சீலியானு கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இருக்கு, அது சளிய மேல் பக்கமா தள்ளிக்கிட்டே வந்து அந்த வாசல்ல கொண்டு விடும். ஜலதோஷம் வந்தா வாசல் வீங்கி மூடிக்கும், சீலியாவும் சோர்ந்துடும், உள்ள தேங்கும், கிருமிக்கு கொண்டாட்டம். மாத்திரை கிருமியக் கொல்லும், ஆனா வாசல் அடைச்சே இருந்தா திரும்பவும் தேங்கத் தான செய்யும்? அலர்ஜி, மூக்குத் தண்டு வளைவு, பாலிப்ங்கற சதை வளர்ச்சி இதெல்லாம் அந்த வாசல் பக்கத்துல தான் தகராறு பண்ணும். அதனால தான் அடிக்கடி வர்றவங்களுக்கு மூக்கு எண்டோஸ்கோப்பியும் (குழாய்க் கேமரா விட்டுப் பாக்கறது) சிடி ஸ்கேனும் பாக்கச் சொல்றது.

இன்னொரு விஷயம், முந்தி கீழ்ப்பக்கமா புதுசா ஓட்டை போட்டு வடிய விடற ஆபரேஷன் பண்ணுவாங்க. ஆனா சீலியா அந்தப் புது ஓட்டைய கண்டுக்காம பழைய வாசலுக்கே சளியத் தூக்கிக்கிட்டுப் போகும்! ஆஸ்திரியாவுல மெஸ்ஸர்க்லிங்கர்ங்கற டாக்டர் இந்த ஓட்டத்த உக்காந்து கவனிச்சு எழுதினார், இப்ப எண்டோஸ்கோப் வெச்சு இயற்கை வாசலையே அகலப்படுத்தறது அந்த அடிப்படையில தான். வீட்டுல செய்யக்கூடியது ஒண்ணு, ஒரு பக்கம் மட்டும் அடைச்சிருந்தா நல்லா இருக்கற பக்கம் கீழ இருக்கற மாதிரி ஒருக்களிச்சு படுங்க, அப்ப அடைச்ச பக்கத்து வாசல் கீழ பாக்கும், கொஞ்சம் வடியும்.

சளியே இல்லாம, வெளிச்சம் பட்டா கூசி, குமட்டலோட வர்ற தலைவலிய சைனஸ்னு நீங்களே பேர் வெச்சுக்காதீங்க. நிறைய பேருக்கு அது மைக்ரேன்.

மேல் கடைவாய்ப்பல் பிடுங்கினேன். இப்ப தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. பயமா இருக்கு.

மேல் கடைவாய்ப்பல் வேர் நுனிக்கும் கன்னத்து சைனஸ் தரைக்கும் நடுவுல சிலருக்கு எலும்பு கொஞ்சூண்டு தான் இருக்கும், சிலருக்கு வேர் உள்ளயே எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கும். பல்ல எடுக்கும்போது அந்த தரை விட்டுப்போச்சுன்னா வாய்க்கும் சைனஸுக்கும் பாதை திறந்துக்கும். 1651லயே நதானியேல் ஹைமோர்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் இந்த சைனஸ விவரமா எழுதினார், பல் பிடுங்கின ஓட்டைல ஒரு பெண்மணி இறகுக் காம்ப விட்டுப் பாத்து, அது போய்க்கிட்டே இருக்கவும் மூளைக்கே போயிடுச்சோனு அரண்டு போன கதையும் அதுல வருது. உங்களுக்கும் மூளைக்கெல்லாம் போகல, தைரியமா இருங்க. 2 மில்லிமீட்டருக்குள்ள இருக்கற ஓட்டை பெரும்பாலும் தானா மூடிக்கும், பெருசா இருந்தா தைக்கணும். மூக்க பலமா சிந்தாதீங்க, ஸ்ட்ரா வேண்டாம், தும்மல் வந்தா வாயத் திறந்தே தும்முங்க. பல் எடுத்த டாக்டர்கிட்ட சீக்கிரமே காட்டிடுங்க, நாள் தள்ளிப்போனா அந்தப் பாதை தோல் கட்டி நிலைச்சுடும். பல்லு எடுக்காதவங்களுக்கும் சொல்றேன், ஒரு பக்கம் மட்டும் நாத்தத்தோட சளி வந்தா மூக்கப் பாக்கறதுக்கு முன்னாடி மேல் பல்லுல சொத்தை இருக்கானு பாருங்க.

சிடி ரிப்போர்ட்ல இடது ஃப்ரான்டல் சைனஸ் வளரலன்னு போட்டிருக்கு. ஏதாவது குறைபாடா?

இல்ல. நெத்தி சைனஸ் பிறக்கும்போது கிடையவே கிடையாது, ஏழெட்டு வயசுல தான் எக்ஸ்ரேல தெரிய ஆரம்பிக்கும், சிலருக்கு ஒரு பக்கம் சின்னதாவே நின்னுடும், சிலருக்கு ரெண்டு பக்கமும் வராது. ஆளுக்கு ஆள் வடிவம் மாறறதால பழைய எக்ஸ்ரேவோட ஒப்பிட்டு அடையாளம் தெரியாத உடல யாருன்னு கண்டுபிடிக்கக் கூட இத பயன்படுத்தறாங்க. தொந்தரவு இல்லன்னா ரிப்போர்ட்ட மடிச்சு வெச்சுடுங்க.

குழந்தைக்கு எட்டு மாசம். உச்சிக்குழி துடிக்குது, தொட பயமா இருக்கு.

துடிக்கறது நார்மல், அடியில ரத்த ஓட்டம் நடக்குது அவ்ளோ தான். தலைக்கு குளிப்பாட்டறப்ப தாராளமா தொடலாம், எலும்பு இல்லன்னாலும் கெட்டியான ஜவ்வு இருக்கு. பின்னாடி இருக்கற சின்ன குழி ரெண்டு மூணு மாசத்துல மூடிடும், முன்னாடி இருக்கறது பொதுவா 12லேர்ந்து 18 மாசத்துக்குள்ள, சிலருக்கு ரெண்டு வயசு வரைக்கும் இழுக்கும். அழாம உக்காந்திருக்கறப்பவும் புடைச்சு நின்னா, காய்ச்சலோ வாந்தியோ கூட இருந்தா உடனே ஆஸ்பத்திரி. வயித்துப்போக்குல நல்லா உள்ள போயிருந்தா நீர்ச்சத்து குறைஞ்சிருக்கு, அதுக்கும் காத்திருக்கக் கூடாது.

அழுதா மூக்கு ஏன் ஒழுகுது?

கண்ணோட உள் மூலைலேர்ந்து ஒரு குழாய் எலும்புக்குள்ளயே இறங்கி மூக்கோட கீழ்ப்பகுதில திறக்குது. வர்றது கண்ணீர் தான்.

பந்து பொட்டுல பட்டுச்சு. ரெண்டு நிமிஷம் மயக்கம், அப்புறம் பையன் நல்லாத் தான் விளையாடறான். விட்டுடலாமா?

விடாதீங்க. பொட்டுப் பக்கம் ஃப்ரான்டல், பெரைட்டல், டெம்போரல், ஸ்பீனாய்டுனு நாலு எலும்பும் சேர்ற இடம் இருக்கு, மண்டையோட்டுலயே ரொம்ப மெல்லிசான பகுதிகள்ல ஒண்ணு, சரியா அதுக்கு உள்பக்கம் எலும்ப ஒட்டினாப்ல ஒரு ரத்தக்குழாய் ஓடுது. எலும்பு கீறினா அது கிழியும், எலும்புக்கும் மூளை உறைக்கும் நடுவுல ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா சேரும். இதுல மோசம் என்னன்னா, நடுவுல சில மணி நேரம் ஆள் சாதாரணமாப் பேசி நடந்துக்கிட்டு இருப்பாங்க, நாமளும் ஒண்ணுமில்லனு தூங்க அனுப்பிடுவோம். மயக்கம் வந்திருக்குல்ல, அதுவே போதும், இப்பவே எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க, சிடி தேவையானு அவங்க பாத்து சொல்லுவாங்க. வழியில வாந்தி, தலைவலி ஏறிக்கிட்டே போறது, அளவுக்கு மீறின தூக்கம், ஒரு கண்ணு பாப்பா மட்டும் பெருசாத் தெரியறது, இதுல எது வந்தாலும் எப்ப ஆரம்பிச்சதுனு நேரத்த குறிச்சு வெச்சுக்கிட்டு அங்க போனதும் மொதல்ல அதச் சொல்லுங்க.